வெளியே போனவர்களின் பதிவேடு

தென்துருவக் கண்டத்து ஆய்வு நிலையத்தில் குளிர்காலம் முழுவதும் தங்கப் போகிற இளைஞர்கள் சிலர், பயிற்சிக்குப் புறப்படுமுன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். அங்கே ஒரு குளிர்காலம் இருந்து வந்தவன் என்பதால் கேள்வி மேல் கேள்வி. எது கஷ்டம், குளிரா, இருட்டா, தனிமையா? மூன்றுமே பழகிவிடும் என்றேன். உறங்கும் நேரத்தை மாற்றாதீர்கள், ஈரமான காலுறையோடு வெளியே போகாதீர்கள் என்றேன். எல்லோரும் நன்றி சொன்னார்கள்.

அந்த இளைஞர்களில் ஒருத்தி என் மகள் ஸ்டெல்லா. ஏரி நீரின் வேதியியல் படித்தவள். நவம்பரில் கிளம்புகிறாள். அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள்:

"அப்பா, நீங்க ஃபோன்ல சொன்னதெல்லாம் புக்லயே இருக்குது. கலியபெருமாள் பெரியப்பா வெரல பத்தி ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சோத்துல கை வெச்சிக்கிட்டு வெரலு கதை கேக்குது பாரு," என்றாள் என் மனைவி.

அவள் கேட்டதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு ஐம்பத்தேழு வயது. வானிலைப் பதிவாளராக இருந்து, போன ஆண்டு விருப்ப ஓய்வு பெற்றேன். இதை எழுதும்போதும் மனம் முழுதாக அடங்கவில்லை. ஏன் என்பது முடிவில் விளங்கும்.

எங்கள் வீடு மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி. அப்பா குத்தகைக்குப் பாத்தி எடுத்தவர். மழை வருமா, காற்று எந்தப் பக்கம் என்பதுதான் எங்கள் வீட்டில் காலைப் பேச்சு. திண்டிவனத்தில் இயற்பியல் படித்தேன், வேலை கிடைத்தது, ஓராண்டு பயிற்சி, பிறகு நான்கு ஊர்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பம், ஈரம், அழுத்தம், காற்று, மேகம் என்று பார்த்து எழுதுவதே வேலை. தென்துருவத்துக்கு ஆள் தேவை என்று அறிவிப்பு வந்தபோது நான் விண்ணப்பித்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. கடலோரத்தில் நாள் முழுவதும் சோம்பிக் கிடக்கும் அழுத்தமானி முள் அங்கே எப்படி ஆடும் என்று பார்க்க ஆசை. அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. ஸ்டெல்லாவுக்கு மூன்று.

கேப்டவுனில் கப்பலேறும்போது என் பெட்டியின் மேல் இருந்த பெயரைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டார்.

"சவரிமுத்து... எந்த ஊருப்பா?"

"மரக்காணம்ணா."

"அட, உப்பு! நான் பொம்மையார்பாளையம். உங்க ஊரு அளத்துல எஞ்சின் ரிப்பேருக்கு எத்தினி வாட்டி வந்துருக்கேன். உங்கப்பா யாருடா?"

உலகத்தின் அடிமுனைக்குப் போகிற கப்பலில் நின்றுகொண்டு அப்பா பெயரைச் சொன்னேன். அவருக்கு அப்பாவைத் தெரிந்திருந்தது. அவர்தான் கலியபெருமாள். ஜெனரேட்டர் மெக்கானிக், என்னைவிட ஆறு வயது மூத்தவர். இருபத்து நான்கு பேர் கொண்ட குழுவில் தமிழ் பேசியவர்கள் நாங்கள் இருவர் மட்டும்.

நிலையம் கறுப்புப் பாறைகளுக்கு நடுவே கால் ஊன்றி நின்ற நீளமான கட்டடம். நான் எதிர்பார்க்காத விஷயங்கள் பல. முதலாவது, அங்கே வாசனையே இல்லை. எங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் சேற்றுவாடை, கருவாட்டு வாடை, மழை வாடை என்று ஊர் தெரியும். அங்கே கதவைத் திறந்தால் மூக்குக்கு ஒன்றுமே இல்லை. இரண்டாவது, சூரியன் வடக்கு வானத்தில் போகும். நண்பகலில் நிழல் தெற்கே விழும். மூன்றாவது, வெள்ளை. சித்திரை வெயிலில் உப்புக் குவியலைப் பார்க்கக் கண்ணை எப்படிச் சுருக்குவோமோ, அதே சுருக்கம் அங்கும் வந்தது. ஒரு வாரம் வரை என் கால் ஏமாந்தது. வெள்ளையாக இருந்தால் கெட்டி என்று நம்பி மிதித்து, இடுப்புவரை இறங்கியிருக்கிறேன்.

எங்கள் குழுத் தலைவர் இமயமலைப் பக்கத்து நிலவியலாளர். உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. எவரையும் தன் அறைக்குக் கூப்பிடமாட்டார். இரண்டு கோப்பைத் தேநீரோடு அவரே நம் இடத்துக்கு வருவார். ஒன்றை நம் கையில் கொடுத்துவிட்டு, தன் கோப்பை காலியாகும்வரை பேசுவார். கோப்பை தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. நிலையத்துக்கு இரண்டு கதவுகள், நடுவே சிறிய அறை. பூட்ஸும் கனத்த அங்கியும் மாட்டுகிற இடம். சுவரில் வாக்கிடாக்கிகள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் ஒரு பதிவேடு, நூலில் கட்டிய பென்சில். பேனா மை உறைந்துவிடும் என்பதால் பென்சில். இருபது காலடி தள்ளியுள்ள ஜெனரேட்டர் கொட்டகைக்குப் போவதானாலும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். "கஹாங்? கிஸ்கே ஸாத்? கப் தக்?" எங்கே, யாரோடு, எதுவரை. அந்தப் பதிவேட்டை அவர் என்னிடம் ஒப்படைத்தார். காற்று மாறுவதை முதலில் அறிகிறவன், யார் வெளியே இருக்கிறார்கள் என்பதையும் அறிந்திருக்க வேண்டும் என்றார். என் மேசை அந்த அறைக்குப் பக்கத்தில் இருந்தது.

எல்லோரிடமும் கேட்டேன். ஒருவரிடம் மட்டும் என்னால் முடியவில்லை.

கிளம்புகிறவரை "எங்கே" என்று கேட்கக் கூடாதென்பது எங்கள் பக்கத்தில் தாய்ப்பாலோடு வருவது. அப்பா தினமும் உப்பளத்துக்குத்தான் போவார். வேறெங்கும் போக இடமில்லை. ஆனாலும் அவர் செருப்பு மாட்டும்போது வீட்டில் யாரும் வாய் திறக்கமாட்டோம். சிலுவை போட்டுக்கொண்டு கிளம்புகிற வீட்டிலும் இந்த விலக்கு உண்டு. ஹிந்தியில் கேட்கும்போது அது எனக்கு வெறும் கேள்வி. தமிழில் கேட்டால் நாக்கு இழுத்தது.

ஒருநாள் விதிப்படி கேட்டுவிட்டேன். கலியண்ணன் பூட்ஸ் நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க?"

அவர் அப்படியே நிமிர்ந்தார். "டேய், இன்னாடா இது? கெளம்பற மனுஷன எங்கன்னு கேக்கற? வெளங்குமாடா?"

"ரூல்ஸுண்ணே. சரி, கஹாங் ஜா ரஹே ஹோ?"

"என்கிட்டயே ஹிந்தியா?" என்று என் தலையில் தட்டிவிட்டு, வந்த வழியே உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் அவரே ஒரு வழி சொன்னார். "நான் கெளம்பறப்ப நீ கேக்காத. போயிட்டு வந்து எங்க போனேன்னு சொல்றேன். நீ முன்னாடியே எழுதின மாதிரி எழுதிக்க. பென்சிலுதான? யாருக்குத் தெரியும்?"

எனக்கும் அது வசதியாக இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே நடந்தது. அவர் போவார், வருவார், "எண்ண டேங்க் பாத்துட்டு வந்தேன்", "ஏரி பம்பு" என்பார். நான் போன நேரம், இடம், திரும்பும் நேரம் எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுதுவேன். அந்த வரிகள்தான் பதிவேட்டிலேயே அழகானவை. சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம்கூடத் தப்பாமல் திரும்பிய ஒரே ஆள் அவர். தலைவர் ஒருமுறை பக்கங்களைப் புரட்டிவிட்டு, எல்லோரும் இவரைப் போல இருக்க வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் சொன்னார். கலியண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நானும் சிரித்தேன்.

மே மாதம். சூரியன் நண்பகலில் வடக்கே கொஞ்சம் தலைகாட்டிவிட்டு இறங்கும். மற்ற பகல் எல்லாம் அந்தி. அன்று பிற்பகல் ஒன்று ஐம்பதுக்குக் கலியண்ணன் என் மேசையைக் கடந்து போனார். நான் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தால் கேட்டுவிடுவேனோ என்பதுபோலக் குனிந்தே இருந்தேன். வெளிக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நேரத்தை மட்டும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டேன்.

காலையிலிருந்தே அழுத்தம் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. மாலைக்குள் காற்று வரலாமென்று பலகையில் எழுதியிருந்தேன். அது மாலைவரை காத்திருக்கவில்லை. இரண்டு ஐந்துக்குக் கட்டடம் ஒருமுறை குலுங்கியது. சன்னலுக்கு வெளியே இருந்த கொடிக்கம்பம் தெரியவில்லை. பிறகு சன்னலுக்கு வெளியே எதுவுமே தெரியவில்லை. காற்றுமானியின் எண்ணைப் படித்துப் பதிந்தேன். படித்துக்கொண்டிருக்கும்போதே அது ஏறியது.

விதிப்படி, அந்த வேகம் வந்தால் வெளியே இருப்பவர்களை வாக்கிடாக்கியில் அழைக்க வேண்டும். கதவு அறைக்கு ஓடினேன். கலியண்ணனின் வாக்கிடாக்கி சுவரிலேயே தொங்கியது. பதிவேட்டில் அன்றைய பக்கத்தில் அவர் பெயரே இல்லை.

தலைவர் வந்தார். கையில் தேநீர் இல்லை. "கஹாங்?" என்றார்.

"தெரியாது சார்."

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். திட்டவில்லை. எல்லோரையும் சாப்பாட்டு அறைக்கு வரச் சொல்லி இரண்டு முறை தலை எண்ணினார். இருபத்து மூன்று. பிறகு நிலையத்தின் வரைபடத்தை மேசைமேல் விரித்தார். எண்ணெய்த் தொட்டிகள் மேற்கே, ஏரி பம்பு தெற்கே, கோடைக் குடில்கள் வடக்கே, கிழக்கே பாறைமேடு. மேட்டுக்கு அப்பால் தனியாகப் போகத் தடை. ஐந்து பேரைக் கயிற்றால் பிணைத்து ஒரு திசைக்கு அனுப்பினால் போய் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தக் காற்றில் ஒரே சமயத்தில் ஒரு கயிற்றுக்கு மேல் வெளியே விட அவர் தயாராக இல்லை. ஒருவரைத் தேடி ஐவரை இழக்கமாட்டேன் என்றார். ஆக, நான்கு திசையில் ஒன்றைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க முடியும்.

"ஒரு மாதமாக எங்கே போகிறார் என்று பதிவேட்டில் இருக்குமே," என்று அதைப் புரட்டினார். எண்ணெய்த் தொட்டி, எண்ணெய்த் தொட்டி, ஏரி பம்பு, எண்ணெய்த் தொட்டி. "மேற்கே போகலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வரிகள் அவர் திரும்பி வந்து சொன்னவை. அவை உண்மை என்பதற்கு என்ன அத்தாட்சி? பம்பு வேலை முடித்து வந்தவர் ஏன் கையில் கிரீஸ் இல்லாமல் வந்தார்?

கதவு அறைக்குப் போய் அவருடைய அங்கி மாட்டும் கொக்கியின் கீழே பார்த்தேன். தரையில் கறுப்பு ரப்பர் விரிப்பு. எல்லோருடைய பூட்ஸிலிருந்து விழும் பனியும் அங்கே உருகி நீராகி வடிந்துவிடும். அவருடைய இடத்தில் மட்டும் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. பல நாளாக இருந்தன. நானும் தினமும் பார்த்திருக்கிறேன். சோப்புத்தூள் என்று எண்ணியிருக்கிறேன். பனி என்றால் இந்தச் சூட்டில் இருக்க முடியாது. விரலால் சுரண்டினேன். நெறுநெறுவென்று வந்தது. உப்பளத்துப் பிள்ளை அடுத்து என்ன செய்வானோ அதைச் செய்தேன். நாக்கில் வைத்தேன்.

உப்பு. கடைசிக் கசப்போடு, பாத்தியில் அதிக நாள் விட்ட தண்ணீரின் உப்பு.

"சார், அவர் உப்பு இருக்கிற இடத்துக்குப் போகிறார்," என்றேன். என் ஹிந்தி சரியாக வரவில்லை. தலைவர் என் விரலைப் பார்த்தார். பிறகு அவரும் விரிப்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். ஏரிகளை ஆராய வந்திருந்த வங்காள இளைஞன் உடனே வரைபடத்தில் கிழக்கு மேட்டைத் தாண்டிக் கை வைத்தான். அங்கே ஒரு குட்டை இருக்கிறது, கரையெல்லாம் உப்புப் பூத்திருக்கும், இந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் அப்படி என்றான்.

தலைவர் கயிற்றின் முன்முனையைத் தானே கட்டிக்கொண்டார். என்னை அழைத்துப் போகவில்லை. "உன் வேலை காற்று. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எனக்குச் சொல்," என்றார். நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம்.

குட்டைக்கு இந்தப் பக்கம், ஒரு பெரிய பாறையின் மறைவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இடது கையுறையைக் காற்று பிடுங்கியிருந்தது. உயிர் தப்பினார். இடது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் அடிக்கணுவரை கறுத்துப்போயின. சில வாரங்கள் பொறுத்து மருத்துவர் அவற்றை எடுத்தார்.

மறுநாள் தலைவர் இரண்டு கோப்பைகளோடு என் மேசைக்கு வந்தார். பதிவேட்டை என் முன்னால் வைத்து, "இந்த வரிகள் எப்படி இவ்வளவு சுத்தமாக இருக்கின்றன?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். கிளம்பும்போது கேட்கக் கூடாது என்ற பழக்கத்தையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவருக்கோ ஆர்வம் வந்துவிட்டது.

"அப்படியானால் உங்கள் ஊரில் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்?"

"'தூரமா' என்று கேட்போம் சார். எங்கே என்று கேட்கமாட்டோம்."

"தூரமா," என்று அவர் சொல்லிப் பார்த்தார். பதிவேட்டில் ஒரு பத்தியின் தலைப்பில் அந்தச் சொல்லைத் தேவநாகரியில் எழுதினார். "இதைக் கேட்டாவது எழுதியிருக்கலாமே," என்றார். கோப்பை தீர்ந்தது. எழுந்து போனார். என்மீது அவர் புகார் எதுவும் எழுதி அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

கலியண்ணனும் நானும் அதன்பின் ஏழு மாதம் அதே கட்டடத்தில் இருந்தோம். ஊர் திரும்பிய பின் கல்யாணம், சாவு என்று எத்தனையோ முறை சந்தித்திருக்கிறோம். அன்று ஏன் அங்கே போனீர்கள் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் பேச்சு என் பக்கம் திரும்பும் என்ற பயம்தான்.

போன வாரம் ஸ்டெல்லா விடவில்லை. இருவரும் பொம்மையார்பாளையம் போனோம். அவர் முற்றத்தில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். எட்டு விரலில் பத்து விரல் வேலை பார்க்கிறார். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் அவள் கேட்டுவிட்டாள்.

"பெரியப்பா, அந்தக் குட்டைக்கு எதுக்குப் போனீங்க?"

"தண்ணி பாக்கத்தான்." அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அங்க எல்லாம் உறைஞ்சி கெடக்குதா, ஏரி, கடலு, எல்லாம். அந்தக் குட்டை மட்டும் உறையாம இருந்துச்சி. காத்தடிச்சா லேசா அலையடிக்கும். உங்க ஊர்ல தண்ணி எப்ப உப்பாவும்னு பாத்துக்கிட்டு நிப்பாங்க. நான் அங்க, உப்பு இருக்கங்காட்டி தண்ணி தண்ணியாவே இருக்குதுன்னு பாத்துக்கிட்டு நிப்பேன். தனியா போவக்கூடாதுன்னு ரூல்ஸு. அதான் உங்கப்பன்கிட்ட டேங்குன்னு பொய் சொல்லுவேன்."

"எந்த டெம்பரேச்சர் வரைக்கும் உறையல?" என்று அவள் ஃபோனை எடுத்துக் குறித்துக்கொள்ளத் தொடங்கினாள்.

"பாருடா, உனுக்கு மேல இருக்குது உம் பொண்ணு," என்று அவர் என்னிடம் சிரித்தார்.

நான் இருபத்து மூன்று ஆண்டுகளாக வைத்திருந்ததைக் கேட்டேன். "அண்ணே, அன்னிக்கு நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருக்க மாட்டேன்."

கேட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை ஆண்டுகள் காத்திருந்தேன் போல.

"நல்லா திட்டியிருப்பேன்," என்று அவர் மோட்டாரின் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார். "திட்டிட்டு, சகுனம் கெட்டுப்போச்சின்னு பூட்ஸ கழட்டிட்டு, உள்ள வந்து உக்காந்து, ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு, பத்து நிமிஷம் பொறுத்துதான் கெளம்பியிருப்பேன். மொத தபா கேட்டியே, அன்னிக்கும் அதான செஞ்சேன். எங்கம்மா பழக்கிவுட்டது. சரி, டீ போடச் சொல்லவா?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். என்னைக் குத்தச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்திருக்கவும் மாட்டார். நான் வண்டியில் வரும்போதே போட்டுவிட்டேன். ஒன்று ஐம்பதுக்குக் கதவு சாத்தியது. இரண்டு ஐந்துக்குக் காற்று. அவை இரண்டும் நானே குறித்த நேரங்கள். பத்து நிமிடம் தள்ளிக் கிளம்பியிருந்தால், காற்று வந்தபோது அவர் வாசலிலிருந்து ஐந்து நிமிட நடையில், புயலில் பிடித்து வரக் கட்டியிருந்த வழிக்கயிறு கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருப்பார். அவர் பதில் சொல்ல வேண்டியதே இல்லை. நான் கேட்டிருந்தால் மட்டும் போதும்.

இப்போது எல்லோர் சட்டையிலும் இடம் காட்டும் கருவி இருக்கும், பயப்படாதீர்கள் என்கிறாள் ஸ்டெல்லா. இருக்கும். எங்கள் காலத்திலும் சுவரில் வாக்கிடாக்கி இருந்தது.

நவம்பரில் அவள் போகிறாள். அவளும் அந்தக் குட்டையைப் பார்க்காமல் திரும்பமாட்டாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். கதவு அறைக்குப் பக்கத்து மேசையில் பதிவேட்டோடு உட்காரப் போகிறவர் யார், எந்த ஊர்க்காரர், எதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர் என்று எனக்குத் தெரியாது. இதை அவருக்காகத்தான் எழுதினேன்.